ராயப்பனின் படகில் நிரம்பியிருந்த தொட்டி

என் செல்லத் தம்பி ராயப்பா,

நேற்று உன் பாய்மரப் படகின் கக்கூஸ் தொட்டியைக் காலி செய்தோம். நீ போய் இரண்டு மாதம் கழித்து அக்கா எழுதுகிற முதல் சேதி இதுதானா என்று சிரிப்பாய். வேறு யாரிடம் சொல்ல?

பக்கத்தில் தோணி கட்டியிருக்கிறவர்கள் ஒரு வாரமாக முறையிட்டார்கள். துறைமுகத்து அதிகாரி வீட்டுக்கே வந்து, "வீச்சம் தாங்கலம்மா, ஏதாவது பண்ணுங்க" என்றார். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்த மெர்சி எழுந்திருக்கவில்லை. பெண்சாதியால் முடியாததை அக்காதானே செய்ய வேண்டும்? படகில் ஏறினாலே தலைசுற்றுகிற நான், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன்.

கழிவெல்லாம் நேரே கடலுக்குப் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உன் படுக்கைப் பலகையைத் தூக்கியதும் அடியில் வெள்ளைத் தொட்டி தெரிந்தது. கக்கூஸிலிருந்து ஒரு குழாய் அதற்குள் வருகிறது. அதிலிருந்து ஒன்று மேல்தளத்து மூடிக்கும், இன்னொன்று கடலுக்கும் போகிறது. கடல் குழாயில் ஒரு திருகு. அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கக் கூடாதா நீ?

செப்டிக் டேங்க் லாரியை வரவழைத்தேன். டிரைவர் சுடலை குனிந்து பார்த்தான்.

"யக்கா, இந்தத் திருகத் தொறந்தா எல்லாம் கடலுக்குப் போயிரும். அஞ்சு நிமிச வேலை."

"அங்கன பாரு, சங்கு குளிக்கிறவங்க தண்ணில நின்னு படகு கழுவுதாங்க. அவங்க மேலயா விடச் சொல்லுத?"

அவன் போய் லாரிக் குழாயை இழுத்துவந்தான். அதன் வாய் மேல்தளத்து ஓட்டைக்குள் நுழையவில்லை. சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டினோம். பம்பைப் போட்டதும் தொட்டி உள்வாங்கி முனகியது. ஒரு சொட்டும் ஏறவில்லை.

"உறிஞ்சணும்னா உள்ள காத்து போவணும்லாக்கா? காத்துக் குழா எங்கயோ அடைச்சிருக்கு. இன்னும் இழுத்தா தொட்டி ஒடைஞ்சிரும்."

தொட்டியின் தலையிலிருந்து விரல் தடிமனில் ஒரு குழாய் கக்கூஸ் அலமாரிக்குப் பின்னால் போனது. பலகையைக் கழற்றிக் கையை விட்டேன். குழாய் அகப்படும் முன்னே, அங்கே ஒளித்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் பை கைக்கு வந்தது. உள்ளே ஆஸ்பத்திரிச் சீட்டுகள், காலியான மாத்திரை அட்டைகள். முதல் சீட்டு நீ சாவதற்கு எட்டு மாதம் முந்தியது. குடலில் புற்று என்று அதிலேயே இருந்தது.

மயங்கி விழுந்த உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர், "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். உனக்கே தெரியாமல் இருந்திருக்கும் என்று நினைத்தோம். நீ படகிலேயே தங்கியதைக்கூட வேலை மும்முரம் என்று நம்பினோம். வீட்டில் இருந்தால் கக்கூஸில் மெர்சி ரத்தத்தைப் பார்த்துவிடுவாள் என்றா இங்கே வந்து படுத்தாய்? எட்டு மாதமும் தனியாகவா, ராயப்பா?

"என்னக்கா, குழா கிடைச்சுதா?" என்று மேலேயிருந்து சுடலை கேட்டான்.

பையை மடியில் வைத்துக்கொண்டே குழாயை உருவிக் கம்பியால் குத்தினேன். உப்புக் கட்டி உதிர்ந்தது. அவன் பம்பைப் போட்டான். தொட்டி கடகடவென்று இறங்கியது. இரண்டு தடவை நல்ல தண்ணீர் விட்டு அலசி உறிஞ்சினோம். என் முகத்தைப் பார்த்து, "ஏன்க்கா அழுதிய?" என்றான். நாற்றம் என்றேன்.

சீட்டுகள் இப்போது என் கைப்பையில் இருக்கின்றன. "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன் மைனி" என்று மெர்சி தினமும் சொல்கிறாள். இதைக் காட்டினால் அந்தக் குற்ற உணர்வு போகும். ஆனால் தன்னை நம்பி நீ சொல்லவில்லை என்பது வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டில் எதை அவளால் தாங்க முடியும்? எனக்குத் தெரியவில்லை. இந்த மாதிரிக் குழப்பங்களை எல்லாம் உன்னிடம்தானே கேட்பேன்?

உன் ரகசியத்தை நான் காக்கப் போவதில்லை, தம்பி. நானும் மறைத்தால் அவள் இரண்டாவது முறையும் ஏமாந்தவள் ஆவாள். இன்று சாயங்காலம் அவள் கையில் கொடுத்துவிடுவேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. அவள் உன்னைத் திட்டினால் தடுக்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சேர்ந்து திட்டுவேன். இது சத்தியம்.

உன்னோடு கூடப்பிறந்த,
ஸ்டெல்லா அக்கா