பூவம் சாவடியில் ஒரு ஜீப் டிரெய்லர்

நெரவி
14-11-2024

சந்திரலேகாவின் அப்பாவுக்கு,

பங்கஜவல்லி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். லேகா திருச்சியில் நன்றாக இருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்து வயிறு திறந்திருக்கிறது, மாசியில் பிரசவம். அதை அவளே உங்களுக்குப் போனில் சொல்லியிருப்பாள்.

நானும் போன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் கல்யாணத்தன்று நீங்கள் ரிப்பேர் பார்த்துக் கொடுக்கிற யாரோ ஒரு பணக்காரரின் பழைய ஜீப் ஊர்வலத்துக்கு நீங்கள் இல்லாமல் முடியாது என்று புணேயிலேயே நின்றுவிட்டீர்கள். என் தம்பி அம்பலவாணன்தான் தாரை வார்த்துக் கொடுத்தான். அந்த வாரமே அம்பகரத்தூர் காளி முன்னால் கற்பூரத்தை அணைத்து, இந்த மனுஷனோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் தபால்.

விஷயம் இதுதான். நீங்கள் ராணுவத்திலிருந்து ரிடையர் ஆனபோது அங்கே ஏலத்தில் எடுத்து வந்து, ஆடிக்கொரு தரம் வந்து தடவிக்கொடுத்துவிட்டுப் போவீர்களே, அந்த ஜீப் டிரெய்லர். அதில்தான் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினை போல்ட் போட்டு முடுக்கி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் மூழ்கின வயலுக்கெல்லாம் நம் தெருக் கருப்பையன் அதைத் தன் டிராக்டரில் மாட்டி இழுத்துப் போவான். போன வாரம் ஒருத்தருக்கு இறைக்கப் போகையில், பூவத்துக்குப் பக்கத்தில் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர்கள் பிடித்து ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன். எஸ்.ஐ. தன்மையான பிள்ளைதான். "மிலிட்டரி சாமான்மா இது. அந்தப் பக்கம் ஒரு கேம்ப்லேருந்து இதே மாதிரி ஒண்ணு காணாமப் போயிருக்கு. ஒங்களுதுன்னா பேப்பர் காட்டுங்க, இல்ல அடையாளம் சொல்லுங்க" என்கிறார். பேப்பரெல்லாம் கஜா புயலில் கூரையோடு போனது உங்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் வந்து பார்க்கவில்லையே.

நம் ஏழு மா நிலத்திலும் சம்பா முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. ஊரில் வேறு எஞ்சின் சும்மா இல்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும், அதற்குமேல் அழுகிவிடும். அந்த வண்டிக்கு என்ன அடையாளம் என்று உடனே எழுதுங்கள். வேறு ஒன்றும் உங்களிடம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பங்கஜவல்லி


புணே
19-11-2024

அன்புள்ள பங்கஜத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். திட்டுவதற்காகவாவது எழுதினாயே. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கவலைப்படாதே. அந்த வண்டியை யாரும் வேறு வண்டி என்று சொல்ல முடியாது. யுத்த காலத்தில் ஜீப்புக்கென்றே செய்தது. பிற்பாடு அதைப் பார்த்து நம் ஊரிலும் செய்தார்கள். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நீ இப்படிப் பார். உடம்பு குளியல் தொட்டி மாதிரி ஒரே வார்ப்பாக, மூலைகள் மழுங்கலாக இருக்கும். தரையில் இரண்டு ஓட்டை, அவற்றுக்கு மூடி. மூடியை இறுக்கிவிட்டால் ஆற்றில் மிதக்கும். மட்கார்டு உருண்டு வளைந்திருக்கும், தட்டையாக இருக்காது. முன்னால் மடக்கி வைக்கிற ஒற்றைக் கால், அதற்குப் பக்கத்தில் ஹேண்ட்பிரேக். இழுக்கிற இடத்தில் கனமான இரும்பு வளையம். இதெல்லாம் சேர்ந்திருந்தால் அது அசல்.

எல்லாவற்றையும்விட, முன்பக்கம் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. வரிசை எண், செய்த வருஷம், எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது எல்லாம் அதில் உண்டு. அதைக் காட்டு, போதும். கேம்ப் வண்டி எண் வேறாகத்தான் இருக்கும்.

எஞ்சினை நடுவில் வைத்தாயா? அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கவேண்டும். பின்பாரம் ஆனால் கொக்கி தூக்கி அடிக்கும். கருப்பையனிடம் சொல். டயரில் காற்று அளவாக இருக்கட்டும்.

அன்புடன்,
சிவநாதன்


நெரவி
24-11-2024

சந்திரலேகாவின் அப்பாவுக்கு,

வண்டி ஸ்டேஷன் கொல்லையில் நிற்கிறது, நீங்கள் பாரத்தை எங்கே வைக்கவேண்டும் என்று பாடம் எழுதுகிறீர்கள். வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்டானாம் ஒருத்தன்.

தகட்டைக் காட்டப் போனேன். தகடு இருக்கிறது. அதில் எழுத்து இல்லை.

எப்படி இருக்கும்? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, அந்தத் தகட்டைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு நான்தான் தேய்த்தேன். பளபளவென்று வந்தால்தான் எனக்குத் திருப்தி. அப்புறம் சந்தனம், குங்குமம். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாவிட்டாலும் ஆயுத பூஜையில் குறை வைத்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். இப்போது முகம் பார்க்கலாம் அதில். எஸ்.ஐ. கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யாரோ வேணும்னே தேச்சு அழிச்சிருக்காங்கம்மா. இதுதான் எங்களுக்கு சந்தேகமே" என்கிறார். நான்தான் தேய்த்தேன் என்று சொன்னால் கேஸ் என் தலையில் விழுமோ என்று பயம். இருந்தாலும் சொல்லிவிட்டேன். ரைட்டர் சிரித்தார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை.

குளியல் தொட்டி, ஒற்றைக் கால், வளையம் எல்லாம் சொன்னேன். "காணாமப் போனதும் அப்படித்தாம்மா இருக்கும்" என்கிறார். அவர் சொல்வதும் சரிதானே.

மழை விடவில்லை. வயலில் இறங்கிப் பார்த்தேன், பயிரின் நுனி மட்டும் தெரிகிறது. குருத்தை இழுத்தால் கையோடு வருகிறது. வேறென்ன அடையாளம் உண்டு, சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பங்கஜவல்லி


புணே
28-11-2024

அன்புள்ள பங்கஜத்துக்கு,

புளி போட்டா தேய்த்தாய்? இங்கே ஷெட்டில் அந்த மாதிரித் தகட்டைப் பஞ்சால்கூடத் தொடவிடமாட்டோம். போகட்டும், உன்னைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது.

இன்னொரு வழி இருக்கிறது. ராணுவ ஒர்க்‌ஷாப்பில் பெரிய ரிப்பேர் பார்த்த வண்டிக்கு நாங்களே அடி இரும்புச் சட்டத்தில் எண் குத்துவோம். வளையத்துக்குப் பின்னால் வலது பக்கச் சட்டத்தைப் பார். பெயின்டைச் சுரண்டினால் தெரியும். அதுவும் இல்லையென்றால் தரைக்கு அடியில், இடது சக்கரத்துக்கு மேலே, ஒரு தகடு ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு நான் வைத்தது. என் வெல்டிங் எனக்குத் தெரியும்.

நானே எஸ்.ஐ.யுடன் போனில் பேசுகிறேன். நேரில் வரலாம் என்றால், ஜனவரி ஊர்வலத்துக்கு நான்கு வண்டிக்கு பிரேக் வேலை இருக்கிறது, என்னைத் தவிர ஆள் இல்லை. அது முடியட்டும்.

அன்புடன்,
சிவநாதன்


நெரவி
3-12-2024

அத்தானுக்கு,

சட்டத்தில் எண் இருந்திருக்கும். டிராக்டருக்கு உயரம் பொருந்தவில்லை என்று கருப்பையன் அந்த இடத்திலேயே ஒரு பட்டையை வைத்துப் பற்றவைத்துவிட்டான். அதை அறுத்துப் பார்க்கலாம் என்றால், பிடித்துவைத்த வண்டியை எப்படி அறுப்பது என்கிறார்கள். உங்கள் போன் வந்ததாம். "போன்ல யார் வேணா பேசலாம்மா, ஏலம் எடுத்தவரு வந்து ஒட்டு இதுதான்னு காட்டட்டும், நா எழுதி விட்டுடறேன்" என்று எஸ்.ஐ. எனக்காக இரங்கிச் சொல்கிறார்.

புயல் மழையில் வாய்க்காலும் உடைத்துக்கொண்டது. என் வயலோடு சேர்த்து, என் எஞ்சினை நம்பியிருந்த நாலு பேர் வயலும் முழுகிக் கிடக்கிறது. அவர்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் வந்து பேசாமல் நின்றுவிட்டுப் போகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. தினம் காலையில் பஸ் ஏறி ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கிறேன். நின்று என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை.

நான் யாரிடமும் கெஞ்சினவள் இல்லை. உங்களிடம் கெஞ்சுகிறேன். ஒரு நாள் வாருங்கள்.

பங்கஜம்


புணே
7-12-2024

அன்புள்ள பங்கஜத்துக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். 12ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் நேராக ஸ்டேஷனுக்கு வருகிறேன். நீயும் வா. உன் சத்தியம் எனக்குத் தெரியும், பேசவேண்டாம். நீ நின்றால் போதும். வண்டி கிடைத்ததும் உன்னோடு நெரவிக்கு வருகிறேன். நீ திரும்பிப் போ என்று கையைக் காட்டினால் திரும்பிவிடுகிறேன்.

சிவநாதன்


புணே
17-12-2024

அன்புள்ள பங்கஜத்துக்கு,

வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். நீ வராததை நினைத்து நான் கோபப்படவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வருத்தம் இருக்கிறது. இத்தனை தூரம் வந்தவனை நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லையே.

விடாத மழை. ஸ்டேஷன் வாசலில் சாக்கை மடித்துத் தலைக்குக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு வயசான அம்மாள் நின்றிருந்தார். "எஸ்.ஐ. ரூம் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன். ஒன்றும் பேசாமல் கையைக் காட்டினார். யாரையோ உள்ளே வைத்திருக்கிறார்கள் போல, முகமே சரியில்லை. மனசு கேட்காமல் எதிர்க் கடையில் சொல்லி அவருக்கு ஒரு டீ கொடுக்கச் சொன்னேன்.

கொல்லையில் பத்துப் பன்னிரண்டு வண்டி, செடி மண்டிக் கிடக்கிறது. அதில் டிரெய்லர் மட்டும் நாலு. உள்ளே நுழையும் முன்னாலேயே நம் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டேன். பின்பக்கத்து விளிம்பின் ஒரு ஓரம் தெரிந்தது, அவ்வளவுதான். நீல பெயின்டை அடித்து அடித்து என்னவோ செய்து வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் அந்த வளைவு எனக்கு மறக்குமா? குனிந்து அடியில் டார்ச் அடித்தேன். என் ஒட்டு அப்படியே இருக்கிறது. எஸ்.ஐ. கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். "ஒங்க வீட்டம்மா தெனம் வந்து நிப்பாங்களே, இன்னிக்கி காணோமே?" என்று அவரே கேட்டார்.

மதியம் கருப்பையன் டிராக்டரோடு வந்தான். "அக்கா காலைலயே கெளம்பிட்டாங்களே அத்தான்" என்றான். எங்கே போனாயோ. பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரைக்கும் இருந்தேன். கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவது என்று தெரியவில்லை. ரயில் ஏறிவிட்டேன்.

பயிர் பிழைத்ததா, எழுது.

அன்புடன்,
சிவநாதன்


நெரவி
23-12-2024

திரு. சிவநாதன் அவர்களுக்கு,

வணக்கம். டிரெய்லர் வந்து சேர்ந்தது. பயிர் பிழைக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், அப்படித்தான் ஆயிற்று. மற்றவர்கள் வயலில் ஒன்றிரண்டு தேறியிருக்கிறது. கருப்பையன் இன்னும் இறைத்துக்கொண்டிருக்கிறான்.

நான் வியாழக்கிழமை வராமல் இல்லை. முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். நீங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு, வலது தோளைச் சாய்த்துக்கொண்டு வந்தீர்கள். முடியெல்லாம் கொட்டிவிட்டது உங்களுக்கு, மூக்குக்கண்ணாடி வேறு. நேராக என்னிடம்தான் வந்தீர்கள். தலையில் இருந்த சாக்கைச் சரிசெய்துகொண்டேன். வயசான அம்மாளிடம் வழி கேட்டீர்கள். கையைக் காட்டினேன்.

சர்க்கரை வந்து பாதியாக இளைத்துவிட்டேன், பல்லும் நாலு போய்விட்டது. அதனால் நீங்கள் செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. நான்தான் பங்கஜம் என்று அப்போது சொல்லியிருக்கலாம். காளியின் சத்தியத்துக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் பொய் எதற்கு? வாய் எழவில்லை. அவ்வளவுதான்.

டீ வந்தது. குடித்துவிட்டு, நீங்கள் கொல்லையில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

வண்டியைக் கருப்பையன் பெயருக்கே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அதற்கு ஆட்சேபம் இருந்தால் அவனுக்கு எழுதுங்கள்.

மாசியில் லேகாவைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருகிறேன். பேரப்பிள்ளையைப் பார்க்க நீங்கள் வரவேண்டும், வராமல் இருக்கக் கூடாது. வீட்டில் அன்றைக்கு நாலு பொம்பிளைகள் இருப்பார்கள். யாரையாவது கேளுங்கள், என்னைக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
பங்கஜவல்லி