இவருடைய கருவியைப் பரிசோதித்த ஒரு கிழமை

3 மார்ச், செவ்வாய்

உறைமழை. வாசல் படி வழுக்காமல் இருக்க இரண்டு தரம் உப்பு. பியர்பொன்ட்ஸ் பஸ் இருபது நிமிடம் பிந்தியது. வேலையில் ஒரு மாத்திரை அட்டையில் ஒரு குழி காலி. அந்தப் பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பினேன். மேற்பார்வைக்காரி முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும். தரம் பார்க்கத்தானே சம்பளம்.

மதியம் லவாலிலிருந்து சுதன் ஃபோன் எடுத்தான். இவருடைய தம்பி. ஐந்தாவது கீமோ முடிந்திருக்கிறது.

"அண்ணி, சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளிக்குது. டொக்டர் கஞ்சா மருந்துக்கு எழுதித் தந்திட்டார். அண்ணை வைச்சிருந்த அந்தக் கருவி இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு."

"அது வேலை செய்யுமோ? கடைசியிலை சரிவரேல்லை எண்டவர். நீங்கள்தானே பக்கத்திலை இருந்தனீங்கள். உங்கடை வேலையும் சோதிக்கிற வேலை. ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. நல்லமெண்டால் நானும் எடுக்கிறன். இல்லாட்டி விடுவம்."

பார்க்கிறேன் என்றேன். பார்க்க விருப்பமில்லை.

மூலைக்கடை டெப்பனரில் பால், முட்டை. பல்ப் வாங்க மறந்தாயிற்று.

4 மார்ச், புதன்

இவருடைய கட்டில் பக்கத்து மேசை லாச்சியை இழுத்துத் திறந்தேன். இவர் போய் நான்கு மாதம், இதுதான் முதல் தடவை.

உள்ளே: மூக்குக் கண்ணாடி (ஒரு கால் ஒட்டுப் போட்டது). நகவெட்டி. கடதாசியில் மடித்த விபூதி. கருவி. பாணிக் குப்பி, அரைவாசிக்கு மேல் மிச்சம்.

பாணி என்று பெயர் வைத்தவர் இவர்தான். கஞ்சாவிலிருந்து வடித்த சாறு, தேன் நிறம், விரலில் பட்டால் லேசில் போகாது. "இஞ்சாரும், பாணி முடியப்போகுது" என்பார், வீட்டுக்கு வரும் நேர்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே. அவள் பிரெஞ்சுக்காரி, பழரசம் என்று நினைத்திருப்பாள்.

வேலைப் படிவம் மாதிரியே எழுதுகிறேன். இல்லாவிட்டால் என்னால் முடியாது.

பொருள்: சாற்றை நெருப்பில்லாமல் சூடாக்கி ஆவியாக்கும் கைக்கருவி. தடித்த பேனா அளவு.
வாய்ப்பகுதி: கண்ணாடி. உட்புறம் மஞ்சள் படிவு.
கிண்ணம்: சுண்டுவிரல் நகமளவு. அடி கறுத்திருக்கிறது.
சூடு: மூன்று நிலை. நீலம் குறைவு, பச்சை நடு, சிவப்பு அதிகம்.
பட்டரி: செத்துவிட்டது.

செத்துவிட்டது என்பதை வெட்டி, இறங்கிவிட்டது என்று எழுதினேன்.

முதலில் வாய்ப்பகுதியைக் கழுவ வேண்டும். சுத்தம் செய்யாத பொருளைச் சோதிக்கக் கூடாது என்று வேலைக்குப் புதிதாக வரும் பெட்டைகளுக்கு நான்தான் படிப்பிக்கிறேன். கழுவவில்லை. இவருடைய வாய் பட்ட இடம்.

5 மார்ச், வியாழன்

சார்ஜ் ஏற ஐம்பது நிமிடம். பழுதில்லை. ஏற்றியதும் லாச்சிக்குள் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட வந்தேன். பனி வழிக்கும் வண்டி தெருவால் போனது. வீடு அதிர்ந்தது. லாச்சிக்குள் உர்ர் என்றது.

அசைந்தால் கருவி அப்படி அதிரும். நான் தயார் என்று காட்டுகிற அமைப்பு. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "என்னப்பா?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாக. கேட்டுவிட்டு, தேத்தண்ணி ஆறும்வரை சமையலறையில் பதிலுக்காக நின்றேன். பைத்தியம்.

வேலையால் வந்து, பாணி வைக்காமல் வெறும் கிண்ணத்தைச் சூடாக்கினேன். பன்னிரண்டு விநாடியில் தயார். எலுமிச்சைத் தோல் கருகின மணம். பழைய படிவு வேகிற மணம்தான். ஆனால் இவர் அறைக்குள் வந்த மாதிரி இருந்தது. திரும்பிக் கதவைப் பார்த்தேன். இடுப்புச் சாரத்தைச் சரிசெய்துகொண்டு நிற்பார் என்று நினைத்துத்தான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

வெளிச்சம் நீலம்.

பச்சையாக இருக்க வேண்டும். ஏன் நீலம் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு எழுத மனமில்லை.

6 மார்ச், வெள்ளி

மரக்கறி. கத்தரிக்காய் கைத்தது.

சோதனை. மகள் அபி குழந்தையாக இருந்தபோது மூக்குச்சளி எடுத்த ரப்பர் பந்து இன்னும் கிடக்கிறது. அதை வாய்ப்பகுதியில் பொருத்தி இழுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஊதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அரிசியளவு பாணி.

நீலம்: மூன்று இழுவை. புகை இல்லை என்றே சொல்லலாம். மணமும் குறைவு.
பச்சை: முதல் இழுவையிலேயே வெள்ளையாக, அடர்த்தியாக.
சிவப்பு: கருகல். வேண்டாம்.

கருவியில் ஒரு பிழையும் இல்லை.

சோதனை முடிய மறுபடி நீலத்தில் வைத்தேன். பொருள் எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையிலேயே திருப்பி வைப்பது வேலைப் பழக்கம்.

சரி, எழுதுகிறேன். போன கந்த சஷ்டி. இவருக்காகத்தான் விரதம், ஆறு நாளும் பாலும் பழமும். சாமி அறை இவர் படுத்திருந்த அறைக்கு அடுத்தது. முதல் நாளே கஞ்சா மணம் விளக்கடிக்கு வந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. பொத்தானை மூன்று தரம் அமத்தி நீலத்துக்கு இறக்கினேன். மணம் நின்றது. இவருக்குக் கை நடுக்கம், நான்தான் வாயில் பிடித்துக் கொடுப்பேன், வெளிச்சம் என் பக்கம். அதனால் இவருக்குத் தெரியாது. ஆறாம் நாள் சூரன்போர் முடியச் சூட்டைக் கூட்டிவிட நினைத்தேன். மறந்துபோனேன்.

அதற்கு முன்பு ஒரு இழுவைக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் எழும்பி இருப்பார், சாப்பிடுவார், பகிடி விடுவார். அதற்குப் பிறகு, "ஒண்டும் வருகுதில்லையப்பா" என்றார். "உடம்பு வருத்தம் கூடீற்றுது, அதுதான்" என்றேன். நேர்ஸ் மோர்பினைக் கூட்டினாள். அதோடு நித்திரைதான்.

சுதனுக்கு மெசேஜ் போட்டேன்: பழுது. சரிவராது. வேற வழி பாருங்கோ.

7 மார்ச், சனி

அபி வந்தாள். இவருக்கு இந்தக் கருவியை வாங்கிக் கொடுத்துப் பழக்கியவள் அவள்தான். தலைமுடியை இன்னும் கட்டையாக வெட்டியிருக்கிறாள். மேசையில் கருவியைக் கண்டுவிட்டாள். சித்தப்பா கேட்டார், அதுதான் என்றேன்.

"இது நீலத்திலை கிடக்கு. நான் பச்சையிலை செட் பண்ணிட்டெல்லோ போனனான்."

"லாச்சிக்கை தட்டுப்பட்டிருக்கும்."

"மூண்டு தரம் அமத்தினால்தான் மாறும் அம்மா. சும்மா தட்டுப்பட்டு மாறாது."

என்னைப் பார்த்தாள். நான் வெண்டிக்காயைப் பார்த்தேன். பிறகு அவளாகவே, "அப்பாவுக்குக் கை நடுங்கினதுதானே. தெரியாமல் அமத்தியிருப்பார். பாவம்" என்றாள்.

ஓம் என்று தலையாட்டினேன். செத்த மனிசன் மேல் பழியைப் போட்டேன், வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு.

சாப்பிடும்போது சொன்னாள்: "கடைசி ரெண்டு கிழமையும் நான் வாற நேரமெல்லாம் நித்திரை. ஒரு கதை இல்லை. எனக்கு அப்பா கடைசியாச் சொன்னது என்ன தெரியுமா? காருக்கு விண்டர் டயர் போட்டாச்சோ எண்டது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

8 மார்ச், ஞாயிறு

கோடை நேரத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியாயிற்று. இவர் பக்கத்து மணிக்கூட்டைத் தள்ளவில்லை.

காலை பத்துக்குக் கலா ஃபோன் எடுத்தாள், சுதனின் மனைவி. அழுதாள். "ரெண்டு நாளா ஒரு வாய் இறங்கேல்லை அக்கா. தண்ணியும் நிக்குதில்லை. நீங்கள் சரிவராதெண்டு சொன்னதோடை அந்த மருந்தையும் வேண்டாமெண்டிட்டார். அண்ணைக்கே கேக்காதது எனக்கு என்னத்தைக் கேக்கப்போகுது எண்டிறார்."

ஃபோனை வைத்துவிட்டு வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். மறந்துபோனேன் என்று எழுதியிருக்கிறேன். நான் மறக்கவில்லை. சூரன்போர் அன்று பின்னேரம், விரதம் முடிக்கும் பாரணைக்கு முன்னமே ஞாபகம் இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. கோயில் ஆட்கள் இவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் சப்பாத்துக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சுவார்கள் என்று பயம். நித்திரையில் கிடந்தால் நோகாது, நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடு மணக்காமல் இருந்தது. சனத்துக்கு முன்னால் மானம் போகவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

இதை எழுதும்போது லாச்சி உர்ர் என்றது. தெருவில் வண்டி எதுவும் இல்லை. எழும்பிப் பார்க்கவில்லை.

பிறகு பார்த்தேன். கருவி வைத்த இடத்திலேயே கிடந்தது. எடுத்து, பாணி வைத்து, பச்சைக்கு மாற்றி, ஒரு இழுவை. நானே. ஐம்பத்தாறு வயதில். கட்டிலில் இவருடைய பக்கம் இருந்துகொண்டு.

இருமல்: இரண்டு நிமிடம்.
தொண்டை: எரிவு.
பதினைந்து நிமிடம்: முழங்கால் நோ எங்கே என்று தேட வேண்டியிருந்தது.
அரை மணித்தியாலம்: பசி. நேற்றைய இடியப்பம் ஏழு. நின்றபடியே.

ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இவ்வளவு இலேசு. அமத்தினால் போதும்.

9 மார்ச், திங்கள்

வேலையில் ஒன்றும் பதியவில்லை. பிழையான அட்டை ஒன்று என் கையால் போய்விட்டது, அடுத்தவள் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து படிவத்தை முடித்தேன். முடிவு: ஏற்கலாம். முன்னைய பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் இரண்டு கட்டம் உண்டு, பொருள், இயக்கியவர். இரண்டாவதில் புள்ளடி போட்டேன். கையெழுத்து.

வாய்ப்பகுதியை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கழுவினேன். சுதனுக்குக் கொடுப்பதென்றால் கழுவத்தானே வேண்டும். மஞ்சள் தண்ணீர் தொட்டிக்குள் போனது. தடுக்கிறமாதிரிக் கையை வைத்தேன். அதெல்லாம் நிற்குமா.

10 மார்ச், செவ்வாய்

லீவு. வெயில், ஆனால் கை விறைக்கும் குளிர். பஸ், பிறகு மெட்ரோ. மடியில் பை. மெட்ரோப் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் மணக்கிற மாதிரி எனக்கு. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கலா கதவைத் திறந்தாள். சுதன் சோபாவில், தொப்பி போட்டுக்கொண்டு. பாதியாகிவிட்டான். படிவம் கைப்பையில். எடுக்கத் துணிவு வரவில்லை. இது வேலை செய்யுது சுதன், நான் சொன்னது பிழை, பச்சையிலை வைச்சு இழுக்கோணும் என்று மட்டும் சொன்னேன். அதோடு தப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அவன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப அண்ணைக்கு ஏன் கேக்கேல்லை? அண்ணை எனக்கு ஃபோனிலை சொன்னவர் அண்ணி. 'அவள் எனக்காண்டி விரதம் இருக்கிறாள். மணக்குதெண்டு சூட்டைக் குறைச்சுப்போட்டாள், எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறாள். சூரன்போர் முடியக் கூட்டிவிடுவாள், அதுவரைக்கும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்' எண்டவர். பேந்து ஃபோன் எடுக்கேக்கை சரிவரேல்லை எண்டு மட்டும் சொன்னார். கூட்டின பிறகும் மருந்து கேக்கேல்லையாக்கும் எண்டு நான் நினைச்சன்."

தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் நான் நீட்ட, இன்றைக்குக் கூட்டியிருப்பாள் என்று வாயைத் திறந்திருக்கிறார்.

"நான் கூட்டேல்லை" என்றேன்.

கலா கையிலிருந்த தட்டத்தைக் கீழே வைத்தாள். சுதன் கருவியை மேசையில் வைத்தான். திட்டுவான் என்று இருந்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தேன்.

"எனக்குக் கை விறைச்சுக் கிடக்கு. நீங்களே பிடியுங்கோ அண்ணி" என்றான்.

பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். வெள்ளையாக வந்தது. இருபது நிமிடத்தில் ஒரு இட்டலி கேட்டான், பிறகு இன்னொன்று. நிமிர்ந்து இருந்தான். கராஜ் கதவைப் பற்றி, ஹொக்கியைப் பற்றி, கலாவின் குழம்பில் உப்பில்லாததைப் பற்றி, இரண்டு மணித்தியாலம் ஓயாத கதை. குரல் அப்படியே இவர். நான் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சூரன்போரிலிருந்து இவர் போன நாள்வரை எண்ணிப் பார்த்தேன். பதினாறு நாள்.

மெட்ரோ வாசலில் நின்று அபிக்கு ஃபோன் எடுத்தேன். அப்பா அமத்தேல்லை பிள்ளை, நான்தான் அமத்தினது, தெரிஞ்சுதான் கூட்டாமல் விட்டனான் என்றேன். முழுவதும் சொன்னேன். சனம் இடித்துக்கொண்டு போனது. ஃபோன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"கூட்டியிருந்தால் அப்பா என்னோடை கதைச்சிருப்பாரோ அம்மா?"

ஓம் என்றேன்.