சத்தமில்லாத ஒரு நிமிடம்

பூந்தமல்லி
செவ்வாய்க்கிழமை

என் கண்ணு அஃப்ஷீனுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் இங்கே நானும் அத்தாவும் நலம், அத்தாவின் கோபமும் நலம். கொல்கத்தாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசலாமென்றால் உங்கள் அத்தா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒட்டுக்கேட்கிறார், அதனால்தான் இஞ்சி முறப்பா பார்சலோடு இந்தக் கடிதம்.

படத்தில் யாரும் பேசாத காட்சிக்கும் அந்த அறையின் சத்தம் வேண்டும், நம் கூடத்தில் ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்காமல் செல்போனில் பதிவு செய்யுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். நல்ல வேலையை விட்டுவிட்டு சினிமா படிக்கப் போனாய் என்று ஒரு வருஷமாக உன்னிடம் வாயே திறக்காத மனுஷனால், இங்கே ஒரு நிமிடம் வாயை மூட முடியவில்லை. ஃபேனை நிறுத்தினேன், இன்னாத்துக்கு புழுக்கத்துல குந்திகினுகீறே என்று வந்துவிட்டார். மறுபடி ஆரம்பித்தேன், கடைச் சாவியைக் காணோம் என்று கூவினார், சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. வேறு வழியில்லாமல் உங்கள் மகள் படிப்புக்குத்தான் என்று உண்மையைச் சொன்னேன். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வெளியே போனவர், கொஞ்ச நேரத்தில் பூனை மாதிரி திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்து மூச்சையும் அடக்கிக்கொண்டார். எனக்கு வந்த சிரிப்பில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மேல்வீட்டுக் கவிப்பிரியா மிக்ஸியைப் போட்டாள். உங்கள் அத்தா பால்கனிக்கு ஓடி, யம்மா கவிப்பிரியா, மிக்ஸிய நிறுத்தும்மா, எங்க அஃப்ஷீன் படத்துக்கு சத்தம் புடிச்சிகினுகீறோம் என்று தெருவே கேட்கக் கத்தினார். உன் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று, எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ கேட்டது பாழ்தான், ஆனால் அவ்வளவும் பதிவாகியிருக்கிறது. அது அவருக்குத் தெரியாது, நீயும் காட்டிக்கொடுத்துவிடாதே. கவிப்பிரியா பென்டிரைவில் போட்டுத் தந்தாள், முறப்பா டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத் தரட்டும். ராத்திரி கண் விழிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் வீட்டில்தான் இருப்பார், எனக்கு வேண்டாம், அவர் செல்போனுக்கே கூப்பிடு. எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தால் நீயும் வைத்துவிடாதே, அப்படியே பதிவு செய்துகொள், நீ கேட்ட ஒரு நிமிடம் கிடைத்துவிடும்.

துஆக்களுடன்,
உன் அம்மா
அஷ்ரஃபுன்னிசா