வெள்ளைக் கேன்

சரண்,

ரசம் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். பீரோ சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னால்.

"உனக்குக் கோபம் ஜாஸ்தி, அதான் படபடக்குது" என்று மூன்று வருடமாகச் சொன்னாய். சிறுநீரகத்துக்கு மேல் நெல்லிக்காய் அளவு கட்டியாம். அதுதான் பிரஷரையும் படபடப்பையும் ஏற்றுகிறதாம். புற்றுநோய் இல்லை. நாளைக் காலை எடுக்கிறார்கள். டிப்போவில் பஸ் ஏறி நானே போய் அட்மிட் ஆகிக்கொள்கிறேன்.

அந்த வெள்ளைக் கேனில் இருந்தது டெஸ்டுக்காக ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர். பழைய ஜூஸ் என்று நினைத்து நீ கொட்டிக் கழுவினாய். மறுபடி முதலிலிருந்து சேர்த்துக் கொடுத்தேன். முன்பே சொல்ல எனக்குக் கூச்சம். அதற்காக நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். நீயும் பதினெட்டு நாள் பேசாமல் இருந்திருக்க வேண்டாம்.

கட்டியை எடுத்த பிறகும் கோபம் வந்தால், அது நிஜமாகவே உன் மேல்தான்.

வர்ஷா

ஆஸ்பத்திரி படிவத்தில் 'உடன் இருப்பவர்' என்ற இடத்தில் உன் பெயரைத்தான் எழுதுவேன். பார்வையாளர் நேரம் மாலை ஏழு மணி வரை.