இருவருக்கு நிறுத்த காய்கறி

அன்பு மகளுக்கு,

அம்மா நலம். உன் இருமல் நின்றதா? இந்தப் புது ஊரில் எனக்கு நூலக வேலை சுலபம்தான்.

கோட்டைச் சுவரடியில் சனிக்கிழமைதோறும் சந்தை. முதல் வாரமே காய்கறிக்காரப் பெண், “வீட்ல எத்தனை பேரும்மா?” என்றாள். நாற்பது வருஷப் பழக்கத்தில் “இரண்டு பேர்” என்றுவிட்டேன். திருத்தக் கூச்சம். வாராவாரம் இருவருக்கு நிறுத்துப் போடுகிறாள், பாதி அழுகிப்போகிறது. நான் படித்த கான்வென்ட் சிஸ்டர்கள் இந்தப் பொய்யை அறிந்தால் முட்டி போட வைப்பார்கள்.

முந்தாநாள் உண்மையைச் சொல்லத்தான் போனேன். “ஐயா இன்னிக்கும் வரலையா? நல்லா செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க!” என்று சிரித்து, ஓர் ஆரஞ்சைத் தனியாக நீட்டினாள். “இது அவருக்கு. நீங்க தொடக்கூடாது.”

அப்பா போனபிறகு அவருக்கென்று ஒருவர் கொடுத்தது இதுதான். அவர் சார்பில் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் வீடு திரும்புவது என் தெரு வழியாகத்தான். அப்பாவின் நீலச் சட்டையை அனுப்பிவை. கொடியில் போட வேண்டும்.

தபால்காரர் வந்துவிட்டார்.

அம்மா