சீனி போடாத அப்பிள் ஜாமும் நான் கழற்றிய பிளக்கும்

என் விரல்களில் இன்னும் கறுவா மணக்கிறது, அண்ணை. நீங்கள் காய்ச்சிய அப்பிள் ஜாமின் கடைசி டப்பாவை இன்று காலை வழித்து முடித்தோம். அது எப்படி முடிந்தது என்பதை நானே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிழை என்னுடையது.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று, உங்கள் மனைவி, எங்கள் அக்கா, ஐந்து சின்ன டப்பாக்களை என் கையில் தந்தார். "வருசம் முடியிற ஆட்டத்திவசத்துக்கு அவருக்குப் படைக்கவேணும். எங்கட பிரீசர் சின்னன். நீங்கள் பத்திரமா வைச்சிருங்கோ தம்பி" என்றார். நீங்கள் போவதற்கு ஒரு கிழமை முன்பு காய்ச்சியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வளவுக் கொட்டிலில் நிற்கும் பெரிய பிரீசரின் அடியில் வைத்தேன். மீன் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த டப்பாக்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

எங்கள் கிரைண்டர் கதை உங்களுக்குத் தெரியும். மனோர் பார்க் வரிசை வீடுகளுக்கு இடையில் ஒரே சுவர். உழுந்து அரைத்தால் பக்கத்து வீட்டு மனுசி வந்து கதவைத் தட்டுவார் என்று கிரைண்டரையும் கொட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டோம். அங்கே இருப்பது ஒரேயொரு பிளக் துளை. போன ஞாயிறு பின்னேரம் பிரீசரின் பிளக்கைக் கழற்றிவிட்டு உழுந்தை அரைத்தேன். மாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனவன், பிளக்கைத் திரும்பச் செருக மறந்துபோனேன்.

திங்கட்கிழமை காலை கொட்டில் நிலமெல்லாம் தண்ணீர். மீன் போனால் போகட்டும் என்று உங்கள் டப்பாக்களைத்தான் முதலில் இழுத்தெடுத்தேன். ஓரமெல்லாம் இளகி, நடுவில் மட்டும் ஐஸாக இருந்தது. என்னை நானே வாய்க்கு வந்தபடி ஏசினேன். திவசத்துக்கு இன்னும் மூன்று கிழமை கிடந்தது.

உண்மையைச் சொல்கிறேன், பிளக்கைச் செருகிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் உங்கள் குரல் விட்டால்தானே. "ஒருக்கா இளகினதைத் திரும்ப உறையவைக்கிறேல்லை, காணும்!"

அந்தக் குரலிடம் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? உங்களைப்போல எனக்கும் சீனி வருத்தம் என்று தெரிந்த வருடம், நீங்கள் தந்த முதல் போத்தலைத் தேசிக்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் அலுமாரியில் வைத்தேன். இரண்டு கிழமையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் மயிர்போல முளைத்துவிட்டது. போத்தலைப் பார்த்துவிட்டு, "என்ன காணும், ஊறுகாயெண்டு நினைச்சீரோ? சீனிதான் ஜாமுக்குக் காவல். சீனி இல்லாட்டிக் குளிர்தான் காவல்" என்றீர்கள். பிறகு பக்கத்தில் நிறுத்திப் பழக்கினீர்கள். போத்தலை அவித்துக் காயவிட வேண்டும், தேசிப்புளி விடவேண்டும், உறையும்போது பொங்கும் என்பதால் டப்பாவின் மேலே ஒரு விரல் இடம் விடவேண்டும், திறந்ததைப் பிரிட்ஜில் வைத்து ஈரமில்லாத கரண்டியால் மட்டும் எடுக்க வேண்டும். ருசி பார்க்கிறேன் என்று நான் நாலு கரண்டி எடுத்தபோது கையைத் தட்டிவிட்டீர்கள். "சீனி போடேல்லை எண்டாப்போல பழத்துக்குள்ள சீனி இல்லையோ?"

காய்ச்சும் நாட்களில் அக்காவைக் குசினிப் பக்கமே விடமாட்டீர்கள். அவர் ஈரக் கரண்டியை மாற்றிப் போட்டுவிடுவாராம்.

டப்பாக்களைக் குளிர்ப் பையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்காவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. நீங்கள் போனபிறகு அவர் தனக்கு மட்டும் சோறு வைத்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறவர். யார் கூப்பிட்டாலும் எங்கும் வருவதில்லை.

"அக்கா, நான் பெரிய பிழை விட்டிட்டன்" என்று நடந்ததைச் சொன்னேன்.

"இனி எத்தினை நாள் தாங்கும்?"

"பிரிட்ஜில வைச்சா நாலைஞ்சு நாள். திவசம் வரைக்கும் வைச்சிருக்க ஏலாது."

அக்கா ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு, "அப்ப இண்டைக்கே படைப்பம். அவர் என்ன, நாள் பார்த்தோ சாப்பிட்டவர்?" என்றார்.

பாண் துண்டுகளை வாட்டி, ஜாம் பூசி, உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றினோம். பத்து நிமிடத்தால் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் அமர்ந்தார். ஆம், கதிரையில் இருந்து சாப்பிட்டார். ஒரு வாய் வைத்ததும், "கறுவா கூடிப்போச்சு. எத்தினை வருசமாச் சொன்னனான், கேட்டவரோ?" என்று சிரித்தார். சிரித்த வாயோடு அழுதார். நானும் அழுதேன், அண்ணை. வெட்கப்படவில்லை.

"நாளைக்கும் வாங்கோ. இவ்வளவையும் நான் தனிய என்ன செய்ய?" என்றார் புறப்படும்போது. செவ்வாயும் புதனும் போனேன். வியாழக்கிழமை, கோயிலில் உங்களோடு அன்னதானத்துக்குப் பரிமாறிய நாலு பேரை அக்காவே போன் எடுத்துக் கூப்பிட்டிருந்தார். அந்த வீட்டில் அத்தனை செருப்புகளைப் பார்த்துக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகியிருந்தது.

இன்று கடைசி டப்பா முடிந்தது. உங்கள் கையால் செய்தது இனி இந்த உலகத்தில் ஒன்றுமில்லை. அக்கா வளவுக் கதவைத் திறந்தார். இந்த வருடம் அவர் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த உங்கள் அப்பிள் மரத்தின் கீழே பழங்கள் விழுந்து கிடந்தன.

"நாளைக்குச் சனிக்கிழமை, பிடுங்குவம். திவசத்துக்குப் புதுசு காய்ச்சவேணும்" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "அந்த மனுசன் என்னைக் கிட்டவும் விடேல்லை. உங்களுக்குத்தானே எல்லாம் காட்டித் தந்தவர். எனக்கும் பழக்கிவிடுங்கோ தம்பி" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். வீடு வந்து, நீங்கள் பழக்கியதை மறந்துவிட்டேனோ என்று பயந்து முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் மறக்கவில்லை, அண்ணை.