இரண்டு தீக்குச்சிகள்

நேற்று சாயங்காலம் முத்துவின் அறையைக் கூட்டப் போனேன். டேபிள் ஃபேனின் பிளக் உடைந்துவிட்டது போல. வயரின் நுனியைச் சீவி, சுவிட்ச் போர்டு ஓட்டைக்குள் விட்டு, நழுவாமல் இருக்க இரண்டு தீக்குச்சிகளைச் சொருகி வைத்திருக்கிறான் உங்கள் மகன்.

விளக்குமாறு கையிலிருந்து விழுந்துவிட்டது. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் இரண்டாம் வகுப்பு. இப்போது நாகமலை புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறான். யார் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு? ரத்தத்திலேயே ஊறி வருமா இந்தக் கேடுகெட்ட பழக்கம்?

"ஏன்டா இப்படி?" என்று கத்தினேன். "நாளைக்கு மாத்திக்கிறேம்மா, இதுக்கு ஏன் இம்புட்டுச் சத்தம்?" என்கிறான். நாளைக்கு! அதே வார்த்தை, அதே இழுப்பு. நீங்களே கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது எனக்கு. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். படிக்க நீங்கள் இல்லை என்பதும் கோபம்தான்.

துணி விஷயத்தில் உங்களை மிஞ்ச ஆள் உண்டா? ஜவுளிக்கடையில் நாள் முழுக்கத் துணியை விரித்துக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் அயன்பாக்ஸை என்னிடம் தரமாட்டீர்கள். "நீ பொசுக்கிருவ, தள்ளு." பட்டென்றால் உள்பக்கம் திருப்பி, மேலே பழைய வேட்டித் துண்டைப் போட்டு, சூட்டைக் குறைத்துத் தேய்ப்பீர்கள். தண்ணீர் பட்டால் திட்டுத் திட்டாக நிற்கும் என்று பட்டுப் பக்கம் சொம்பைக் கொண்டுவரவே விடமாட்டீர்கள். பாலியஸ்டர் சட்டை என்றால் முதலில் அடி ஓரத்தில் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றால்தான் மேலே போவீர்கள். காட்டனுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, நல்ல சூட்டில் அழுத்தித் தேய்ப்பீர்கள். எந்தத் துணி எம்புட்டுச் சூடு தாங்கும் என்று அத்துப்படியாகத் தெரிந்த மனுஷருக்கு, தன் உடம்பு கரண்ட்டைத் தாங்காது என்று மட்டும் தெரியவில்லை.

அயன்பாக்ஸ் பிளக் உடைந்தபோது நீங்கள் செய்ததும் இதே தீக்குச்சி வேலைதான். நான் சொல்லாத நாள் உண்டா? சொல்லிச் சொல்லி வாய் வலித்து, நானே கடைக்குப் போய் மூணு பின் பிளக் ஒன்று வாங்கி வந்து, உங்கள் கண்ணில் படுகிற மாதிரி டிவி மேல் வைத்தேன். கண்ணிலும் பட்டது. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "நல்ல பிளக்கு. நாளைக்கு மாட்டிர்றேன்" என்று அங்கேயே வைத்தீர்கள்.

எழுமலையில் உங்கள் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. காலையிலேயே கிளம்ப வேண்டும். நீங்கள் என் சுங்குடிச் சேலையை எடுத்து விரித்தீர்கள். "கசங்கியிருந்தா இருக்கட்டும், நேரமாச்சு வாங்க" என்றேன். "ஜவுளிக்கடைக்காரன் பொண்டாட்டி கசங்குன சேலையில வந்தா ஊரே சிரிக்கும்டி" என்றீர்கள். தண்ணீர் தெளித்தீர்கள். பாதிச் சேலை தேய்த்திருப்பீர்கள், வயர் நழுவியது. சுவிட்சை அணைக்கவில்லை. அந்த ஈரக் கையோடேயே வயரைப் பிடித்துச் சொருகப் போனீர்கள். நான் முத்துவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். உங்கள் அம்மா இன்றைக்கும் பேரனிடம் அதைத்தான் சொல்கிறார்: "உங்கப்பனுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்யா." சாவு வீட்டில் என்னை வாயைத் திறக்க யார் விட்டார்கள்? பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், டிவி மேலிருந்த அந்தப் பிளக்கை எடுத்தேன். எந்த வயர் எங்கே என்று பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டு, என் கையாலேயே அயன்பாக்ஸில் மாட்டினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லைங்க. கால் மணி நேரம்!

நேற்று முத்துவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தீக்குச்சி, ஈரக் கை, டிவி மேல் கிடந்த பிளக், எல்லாம்.

"அப்ப விதின்னு அப்பத்தா சொன்னதெல்லாம்?" என்று கேட்டான்.

"விதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. உங்கப்பாவோட சோம்பேறித்தனம்."

பிள்ளையிடம் அப்பனைத் திட்டியது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும். அவன் எழுந்து கடைக்குப் போய்ப் பிளக் வாங்கி வந்து, அப்போதே மாட்டினான்.

இன்று காலை காட்டன் சட்டையைத் தேய்க்க நின்றான். தண்ணீர் தெளித்தான். சுவிட்சுக்குக் கையை நீட்டினான். அடுப்படியிலிருந்து நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அவன் திரும்பி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"தொடச்சுட்டேம்மா. வேணும்னா தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. உங்கள் மேல் இருக்கிற கோபத்தை நான் விடப்போவதில்லை. விட்டுவிட்டால் அவனைப் பார்த்துக் கத்த யார் இருக்கிறார்கள்? ஆனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. அன்றைக்குப் பக்கத்திலேயே கொடியில் துண்டு கிடந்ததே, அந்தக் கையை ஒரு தடவை துடைத்திருக்கக் கூடாதாங்க?